இதயம் நின்ற பிறகு உறுப்பு தானம்: சேர்வராயன் மலைக் குடும்பம் ஒன்று முன்வந்தபோது நடந்தவை

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது இது. நோயாளி பிழைக்க வழியில்லை, ஆனால் மூளைச்சாவும் அடையவில்லை. யாரும் கேட்காமலே குடும்பம் முன்வந்து, இவருடைய உறுப்புகளைக் கொடுக்க முடியுமா என்று கேட்டது. நான் அங்கே உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே கேள்வி நாளை ஈரோட்டிலோ தர்மபுரியிலோ ஒரு ஐசியு வாசலில் எழும், அப்போது அங்கே இருப்பவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பின்னணி

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்றாலே மூளைச்சாவுதான் நினைவுக்கு வரும். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க அவன் பெற்றோர் எடுத்த முடிவு அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தி மலைக் கிராமங்கள் வரை போயிருக்கிறது என்பதை இந்த நிகழ்வில் நேரிலேயே பார்த்தோம்.

ஆனால் சட்டம் மூளைச்சாவை மட்டும் சொல்லவில்லை. 1994-ன் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இறந்தவர் யார் என்று வரையறுக்கும்போது, மூளைத்தண்டுச் சாவால் (மூளைச்சாவு என்று நாம் சொல்வது இதைத்தான்) இறந்தவரையும் இதயமும் மூச்சும் நின்று இறந்தவரையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது இதயம் நின்றபின் உறுப்பு எடுப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவமனை 2011 வாக்கிலிருந்தே இப்படிச் சிறுநீரகங்களை எடுத்துப் பொருத்தி வருகிறது. பிரிட்டனில் இறந்தபின் தானம் செய்பவர்களில் பத்துக்கு நான்கு பேருக்குக் குறையாமல் இந்த வகைதான். ஸ்பெயினில் 2012-ல் விதிகளை மாற்றியபின் இது வேகமாக வளர்ந்தது.

இதில் பல வகை உண்டு. 1995-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் வகுத்த பட்டியலில் மூன்றாவது வகைதான் இங்கே பேசுவது: இனி சிகிச்சையால் பயனில்லை என்று முடிவாகி, வென்டிலேட்டரை எடுத்து, இதயம் தானாக நிற்கும் வரை காத்திருந்து, நின்றபின் ஐந்து நிமிடம் யாரும் தொடாமல் கவனித்து, இறப்பை அறிவித்து, பிறகு உறுப்பை எடுப்பது. ஐந்து நிமிடம் என்பது பல நாடுகளின் வழக்கம், இத்தாலியில் 20 நிமிடம்.

விபத்து

நோயாளிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மலையாளிப் பழங்குடிக் கிராமம். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள், அறுப்புக் காலத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறிப் பறிப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய வேலை. அன்று ஏணி சறுக்கியது. தலை பாறையில் அடிபட்டது.

தோட்டத்து ஜீப்பில் ஏற்காட்டுக்கு, அங்கிருந்து 108 ஆம்புலன்சில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்கு. எங்களிடம் வந்தபோது இருட்டிவிட்டது. சி.டி. ஸ்கேனில் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே பெரிய ரத்தக் கட்டு, மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. இரவோடு இரவாக அறுவை சிகிச்சை செய்து அந்த ரத்தக் கட்டை எடுத்தார்கள். வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் ஒரு பகுதியையும் எடுத்து வைத்தார்கள்.

முதல் ஐந்து நாட்களில் பார்த்தவை

மூன்றாம் நாள் மயக்க மருந்தை நிறுத்தினார்கள். எழவில்லை. ஐந்தாம் நாள் கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை, கருவிழியைத் தொட்டால் இமை அசையவில்லை, வலி கொடுத்தால் எதுவும் இல்லை. மறுபடி எடுத்த ஸ்கேனில் மூளையின் இரு பக்கமும் பெருமளவு செத்துப்போயிருந்தது, மூளைத்தண்டிலும் ரத்தக் கசிவு.

ஆனால் மூளைத்தண்டு முழுதாகச் சாகவில்லை என்பதற்கு இரண்டு அடையாளங்கள் மிச்சமிருந்தன. வென்டிலேட்டர் குழாய்க்குள் சளி உறிஞ்சும்போது லேசாக இருமினார். வென்டிலேட்டரை நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்திருந்தால் திரையில் 17, 18 என்று காட்டியது, அதாவது கூடுதல் மூச்சை அவரே இழுத்தார். இயந்திரமே தவறாக எண்ணுகிறதோ என்று உணர்திறனைக் குறைத்து வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அந்த மூச்சுகள் இருந்தன. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது, ரத்தத்தில் கிரியாட்டினின் 1.1, இயல்பான அளவு.

மூளைச்சாவு என்று சான்றளிக்க நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும், 10-ஆம் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இருமல் இருக்கும்வரை அந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது. மண்டையோட்டைத் திறந்து வைத்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம்: மூளைக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகாததால், மேல்மூளை முழுக்கப் போனபின்னும் மூளைத்தண்டு ஓரமாகக் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். பிழைப்பதற்கு அது போதாது, மூளைச்சாவு என்று சொல்லவும் விடாது. இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துத்தான் மற்ற நாடுகளில் இதயம் நின்றபின் தானம் என்ற வழியே வளர்ந்தது.

குடும்பம் கேட்டது

ஆறாம் நாள் காலை நரம்பியல் அறுவை மருத்துவர் குடும்பத்தை உட்காரவைத்து நிலைமையைச் சொன்னார். மனைவி, மகன், நர்சிங் படிக்கும் மகள், ஊர்ப் பெரியவர் ஒருவர். தானம் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசவும் கூடாது, சிகிச்சை செய்கிற மருத்துவர் அந்தப் பேச்சைத் தொடங்கக்கூடாது என்பது எங்கள் நடைமுறை.

மதியம் மகள் என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, அப்பாவுக்கு மூளைச்சாவு இல்லேன்னு சொல்றாங்க. ஆனா பிழைக்க மாட்டாருன்னும் சொல்றாங்க. அப்போ அவரோட கிட்னி யாருக்கும் உதவாதா?" என்றாள். ஊர்ப் பெரியவரும் கூட நின்றார். கீழ் நாட்டில் ஒருத்தருக்கு அரசு மரியாதை செய்ததை டிவியில் பார்த்ததாகச் சொன்னார். மரியாதை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று தெரிந்ததால் கேட்கிறோம், அவ்வளவுதான் தம்பி என்றார்.

உடனே பதில் சொல்லவில்லை. விசாரித்துச் சொல்கிறேன், அதற்கு முன் வேறொரு விஷயம் முடிவாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சிகிச்சையை நிறுத்துவது: தனி முடிவு

இந்த இடத்தில் எடுத்த முடிவைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வென்டிலேட்டரை எடுப்பதா வேண்டாமா என்பதை, தானம் என்ற பேச்சே எழாதது மாதிரி வைத்து, வேறு ஆட்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு எழுத்தில் முடியும் வரை நான் அந்த அறைக்குள் போகவில்லை.

வழிமுறை இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கண்ணியமாக இறக்கும் உரிமையை ஏற்று வகுத்ததை, 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கியது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் முதல் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத இரு நிபுணர்களும் இரண்டாம் குழு. ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். செயல்படுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும்.

முதல் குழு ஏழாம் நாளே கூடியது. இரண்டாம் குழுவுக்கு வெளியிலிருந்து வர வேண்டிய மருத்துவரை யாரிடம் எழுதிக் கேட்பது என்பதிலேயே ஒரு பகல் போனது. ஒன்பதாம் நாள் இரண்டாம் குழுவும் அதே முடிவுக்கு வந்தது.

இடையில் சமூகப் பணியாளர் இன்னொரு வேலை செய்தார். பணம் இல்லாததால்தான் குடும்பம் நிறுத்தச் சொல்கிறதா என்று தனியாக விசாரித்தார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு வரும், மீதியை மருத்துவமனை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று தெளிவாகச் சொன்னபின், மறுநாள் மறுபடி கேட்டார். அம்மாவின் பதில் மாறவில்லை. "மரம் ஏறுன மனுஷன் தம்பி, இப்படிக் கிடக்க அவரு ஒத்துக்க மாட்டாரு" என்றார். கூலி வேலைக் குடும்பங்களில் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்காமல் எந்தக் கையெழுத்தும் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சிறுநீரகம் எடுக்க முடியுமா?

ஒன்பதாம் நாள் மாலைதான் தானம் பற்றிப் பேசத் தொடங்கினோம். குடும்பம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இருந்தது. உடலளவில் பார்த்தால் சிறுநீரகங்கள் தகுதியானவை. ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனபோது, எதற்கும் எழுத்தில் பதில் இல்லை.

இறப்பை யார் அறிவிப்பது? உறுப்பு எடுக்கும் குழுவோடும் பெறுபவரின் சிகிச்சையோடும் தொடர்பில்லாத மருத்துவராக இருக்க வேண்டும், அது சரி, ஆனால் எதை வைத்து, எத்தனை நிமிடம் பார்த்து? எங்களிடம் விதி இல்லை. உயிரோடு இருக்கும்போதே ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கலாமா? அது அவருக்கு நன்மை செய்யாது, உறுப்பைப் பெறுபவருக்குத்தான் நன்மை. தலையில் ரத்தக் கசிவு உள்ளவருக்கு அதைக் கொடுத்தால், அதனால்தான் செத்தார் என்று நாளை யாராவது சொன்னால்? சம்மதப் படிவம் எது? 8-ஆம் படிவம் மூளைத்தண்டுச் சாவு அடைந்தவரின் உறவினர் நிரப்புவதற்காக எழுதப்பட்டது.

அப்புறம் காவல்துறை. ஏணியிலிருந்து விழுந்தது விபத்து, ஆகவே பிரேத பரிசோதனை உண்டு. மூளைச்சாவில் சான்றளித்தபின்னும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், அந்தச் சில மணி நேரத்தில் விசாரணை அதிகாரியும் தடயவியல் மருத்துவரும் வந்து அனுமதி தர முடியும். இதயம் நின்றபின் எடுப்பதென்றால் அந்த அவகாசமே கிடையாது, எல்லா அனுமதியும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஆனால் இறப்பு நடந்தால்தான் இறப்பு விசாரணை தொடங்கும். சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தில் அப்படித்தான் சொன்னார்கள், சட்டப்படி அது சரியான பதில்தான்.

கடைசியாக அறுவைக் குழு. நாங்கள் பேசிய இரண்டு குழுக்களும் மூளைச்சாவு உறுப்புகளில் நல்ல அனுபவம் உள்ளவை, இந்த வகையில் அனுபவம் இல்லாதவை. இப்படி எடுத்த சிறுநீரகம் பொருத்தியபின் வேலை தொடங்கச் சில நாட்கள் தாமதமாவது அதிகம், அதுவரை டயாலிசிஸ் தொடர வேண்டியிருக்கும், நீண்டகாலத்தில் மற்ற சிறுநீரகத்துக்கு இணையாகவே உழைக்கும். இதைப் பெறுபவரிடம் முன்கூட்டியே விளக்கிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அப்படி யாரிடமும் வாங்கியிருக்கவில்லை.

ஆகவே சிறுநீரகம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரே இரவில் விதிகளை உருவாக்கி ஒரு மனிதரின் சாவை அதற்குள் பொருத்திப் பார்ப்பது தவறு என்று மயக்கவியல் மருத்துவர் சொன்னார், அறையில் இருந்த யாரும் மறுக்கவில்லை. ஒரு சந்தேகம் கிளம்பினால் போதும், மலையிலும் கீழேயும் மூளைச்சாவு தானமும் சேர்ந்தே படுத்துவிடும்.

கண்தானம் வேறு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும், இதயம் நிற்பதற்கும் கண் வங்கிக் குழு வருவதற்கும் நடுவே மூச்சுவிட நேரம் இருக்கிறது. மகளிடம் இரண்டையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணாவது போகட்டும்ணா" என்றாள். அம்மாவும் மகனும் கையெழுத்திட்டார்கள்.

பத்தாம் நாள்

காலையில் நடுவருக்குத் தகவல் போனது. ஐசியுவில் ஓரத்து அறைக்கு மாற்றினோம், உறவினர் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து போனார்கள். சேர்வராயன் கோயில் திருநீறு வைத்தார்கள். வாயில் பால் ஊற்ற வேண்டும் என்றார் பெரியவர். குழாயை எடுத்தபின் பஞ்சில் நனைத்து உதட்டில் மட்டும் வைக்கலாம் என்று சிஸ்டர் சொன்னார், அப்படியே செய்தார்கள். மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மார்ஃபின் மருந்து போய்க்கொண்டிருந்தது.

பிற்பகல் 2.10-க்குக் குழாயை எடுத்தார்கள். 2.46-க்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 50-க்குக் கீழே இறங்கியது. 2.58-க்கு இதயம் நின்றது. மயக்கவியல் மருத்துவர், தேவை இல்லாவிட்டாலும், தமனிக்குள் வைத்த குழாய் திரையில் காட்டும் ரத்த அழுத்தக் கோடு தட்டையாக இருப்பதைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் காத்திருந்து 3.03-க்கு இறப்பை அறிவித்தார்.

இந்த நேரங்களை எழுதி வைத்ததற்குக் காரணம் உண்டு. குழாயை எடுத்ததிலிருந்து இதயம் நிற்க 48 நிமிடம். அழுத்தம் 50-க்குக் கீழே போனதிலிருந்து 12 நிமிடம். பிரிட்டனில் சிறுநீரகத்துக்காக மூன்று மணி நேரமாவது காத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்த இரண்டு சிறுநீரகங்களும் பொருத்தத் தகுந்த நிலையில்தான் இருந்திருக்கும். கல்லீரலுக்குக்கூட, அழுத்தம் விழுந்தபின் அரை மணி நேரம் என்ற வரம்புக்குள் வந்திருக்கும், பித்தநாளச் சிக்கல் அதிகம் என்பதால் அதை எடுப்பார்களா என்பது வேறு விஷயம். இப்படிப்பட்ட இரண்டு சிறுநீரகங்கள் நல்ல நிலையில் இருந்தும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. டயாலிசிஸில் வாரம் மூன்று நாள் வந்து உட்காரும் முகங்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அது இன்னும் கனமாகவே இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். இதயம் நின்றபின் குடும்பம் அவரைச் சுற்றி முக்கால் மணி நேரம் இருந்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். உறுப்பு எடுப்பதாக இருந்திருந்தால் ஐந்தாவது நிமிடமே அவர்களை விலகச் சொல்லியிருக்க வேண்டும். மூளைச்சாவில், மார்பு ஏறி இறங்கும்போது செத்துவிட்டார் என்று புரியவைப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. இதயம் நின்றால் உயிர் போய்விட்டது என்பதை மலையிலும் சரி, கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சரி, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நொடியில் உடலை விட்டுக்கொடுக்கச் சொல்வது, அழ விடாமல் எழுப்புவது மாதிரி. இந்த வகைத் தானத்தை இங்கே வளர்க்க நினைப்பவர்கள், அறுவை அரங்கின் பக்கத்திலேயே குடும்பம் இருக்க ஓர் அறை, முன்கூட்டியே செய்து முடிக்கும் சடங்கு, எடுத்து முடித்தபின் உடலோடு அவர்கள் தனியாக இருக்க நேரம், இவை மூன்றையும் கருவிகளுக்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

பிறகு

கண் வங்கிக் குழு வந்தபோது நாலரை ஆகியிருந்தது. விசாரணை அதிகாரியும் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தார், அவர் பார்த்து ஒப்புதல் தந்தபின் இரு கருவிழிகளும் எடுக்கப்பட்டன. பிரேத பரிசோதனை மறுநாள் காலை. உறுப்பு தானம் நடந்திருந்தால், 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தபடி இரவிலும் செய்திருக்கலாம். உடல் மதியத்துக்குள் மலையேறியது. அரசு மரியாதை எதுவும் நடக்கவில்லை, குடும்பம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

சில வாரம் கழித்துக் கிராமத்துக்குப் போனோம். மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அடுத்த முறை யாராவது கேட்டால் கிட்னி எடுப்பீர்களா?

என்ன மாற வேண்டும், என்ன மாற்றத் தொடங்கியிருக்கிறோம்

சிகிச்சையை நிறுத்தும் முடிவைத் தானத்திலிருந்து பிரித்து வைத்ததை மாற்ற மாட்டோம். குழுக்களின் பதிவில் தானம் என்ற சொல்லே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் குழுவுக்கான வெளி மருத்துவரின் நியமனத்தை, நோயாளி வந்தபின் கேட்காமல், ஆண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே வாங்கி வைக்கும்படி எழுதியிருக்கிறோம். இறப்பை அறிவிக்கும் விதியையும் எழுதிவிட்டோம்: தமனிக் குழாயில் நாடி இல்லை, மூச்சு இல்லை, ஐந்து நிமிடம், இரண்டு மருத்துவர்கள், இருவரும் உறுப்பு மாற்றுப் பிரிவைச் சேராதவர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இதயம் மறுபடி துடித்தால் மணியை முதலிலிருந்து எண்ண வேண்டும். இந்த விதி தானம் இல்லாத சாவுகளுக்கும் பொருந்தும், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் சந்தேகம் வராது. ஹெப்பாரின் பற்றி மருத்துவமனையின் நெறிமுறைக் குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. தலையில் ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு இதயம் நின்றபின் மட்டுமே கொடுப்பது என்ற பக்கம் பேச்சு சாய்கிறது, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

குழாயை எடுத்தபின் குறித்த நேரத்துக்குள் இதயம் நிற்காவிட்டால் தானம் நடக்காது, நோயாளி அதே அறையில் அதே கவனிப்போடு இருப்பார் என்பதையும் குடும்பத்திடம் முதல் பேச்சிலேயே சொல்ல வேண்டும். அறுவைக் குழு ஒன்று, அனுபவம் உள்ள மையத்தில் போய்ப் பயிற்சி பெற ஒப்புக்கொண்டிருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள எங்கள் நோயாளிகளிடம், இப்படி எடுத்த சிறுநீரகத்தை ஏற்பீர்களா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கத் தொடங்கியிருக்கிறோம். விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் சரி என்கிறார்கள்.

விபத்து வழக்குகளில் காவல்துறை அனுமதி மட்டும் முடிச்சாகவே இருக்கிறது. இறப்புக்கு முன்பே விசாரணை அதிகாரியும் தடயவியல் மருத்துவரும் மருத்துவமனைக்கு வந்து நிற்கலாமா, எந்தப் படிவத்தில் முன் ஒப்புதல் தரலாம் என்பதற்கு மாநில அளவில் ஓர் உத்தரவு வேண்டும். அதைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரும்வரை, விபத்தல்லாமல் பக்கவாதத்தாலோ மூளை ரத்தக் கசிவாலோ இந்த நிலைக்கு வரும் நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டால் மட்டும் சிறுநீரகம் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம், விபத்தில் வந்தவர்களுக்குக் கண்தானத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மகளிடமும் இதைத்தான் சொன்னேன்.